ஒசாகா கீழைப் பீங்கான் அருங்காட்சியகம்: இரண்டு மணி நேரத்தில் எதை, எப்படிப் பார்ப்பது?

நதிக்கரை கேட்டது:

ஒசாகாவில் நாகானோஷிமா தீவில் இருக்கும் நகராட்சிக் கீழைப் பீங்கான் அருங்காட்சியகத்துக்கு ஒரு புதன்கிழமை போகிறேன். கையில் இருப்பது இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டரை. கிழக்காசியப் பீங்கான் என்றால் நீலமும் வெள்ளையுமான மிங் ஜாடி என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

காலையில் போவது நல்லதா, மாலையா? கண்டிப்பாகப் பார்க்க வேண்டியவை எவை? பச்சைப் பூச்சுப் பீங்கானைச் செலடான் செலடான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், படங்களில் பார்த்தால் எல்லாமே ஒரே பச்சையாக இருக்கிறது. நேரில் போனால் எதைக் கவனித்து வித்தியாசம் கண்டுபிடிப்பது? போனில் படம் எடுக்கலாமா? பொதுவான சுற்றுலாக் குறிப்புகளை ஏற்கெனவே படித்துவிட்டேன். பொருள்களைப் பார்க்கத் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சூளைவாசல் பதில்:

காலையில் போங்கள். 9:30க்குத் திறக்கிறார்கள், 5 மணிக்கு மூடுகிறார்கள், 4:30க்கு மேல் உள்ளே அனுமதி இல்லை. காலை என்று சொல்வதற்குக் காரணம் கூட்டம் இல்லை, வெளிச்சம்.

அங்கே செலடானுக்காக இயற்கை ஒளி அறை ஒன்று உண்டு. கூரை வழியாக வரும் பகல் வெளிச்சத்தைத் திருப்பிக் கண்ணாடிப் பேழைக்குள் இறக்கியிருக்கிறார்கள். செலடானை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஜப்பானில் வழிவழியாக ஒரு சொல் இருக்கிறது: இலையுதிர் காலத்தில், வானம் தெளிந்த நாளில், காலை பத்து மணி வாக்கில், வடக்குப் பார்த்த அறையில், ஒற்றைக் காகிதக் கதவு வடிகட்டித் தரும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கவித்துவமாகத் தோன்றினாலும் இது கறாரான செய்முறைக் குறிப்பு. வடக்கு வெளிச்சத்தில் நேர் வெயில் கிடையாது, அதனால் ஜாடியின் தோளில் கண்ணைக் கூசும் வெள்ளைப் புள்ளி விழாது. காகிதம் ஒளியைப் பரப்பிவிடுவதால் நிழல் மெல்லியதாகிறது. காலை பத்து மணிக்கு ஒளியில் மஞ்சள் கலப்பும் குறைவு.

செலடானுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்றால், அந்தப் பச்சை மேலே பூசிய சாயம் அல்ல. பாத்திரத்தின் மேல் கண்ணாடித் தோல் போல உருகிப் படியும் பூச்சுக்குக் கிளேஸ் என்று பெயர், அதில் 1 முதல் 2 சதவீதம் வரை இரும்பு ஆக்சைடு இருக்கும். சூளையில் காற்றைக் குறைத்து, புகை மூட்டத்தில் 1200 டிகிரிக்கு மேல் சுடும்போது அந்த இரும்பு ஆக்சிஜனை இழந்து நீலப்பச்சையாக மாறுகிறது. அதே கிளேஸ், அதே களிமண், ஆனால் சூளைக்குள் காற்று புகுந்துவிட்டால் மஞ்சளோ பழுப்போதான் வரும். கிளேஸுக்குள் கோடிக்கணக்கில் நுண்ணிய குமிழ்களும் கரையாத படிகத் துகள்களும் இருக்கின்றன. உள்ளே நுழையும் ஒளி அவற்றில் மோதிச் சிதறித் திரும்பி வருவதால்தான் பச்சைக் கல் போல ஆழம் தெரிகிறது. மஞ்சள் விளக்கின் கீழ் வைத்தால் இந்த ஆழம் காணாமல் போய், ஊறுகாய் மாங்காய்த் தோல் நிறத்துக்கு இறங்கிவிடும். படங்களில் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

டிசம்பரில் ஒசாகாவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கு அந்த அறைக்குள் போனால், அந்த அறை எதற்காகக் கட்டப்பட்டதோ அது கிடைக்காது. மேகமூட்டமான நாளென்றாலும் பரவாயில்லை, நீலம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். மற்ற அறைகளில் சூரிய ஒளிக்கு நெருக்கமான எல்.இ.டி. விளக்குகள். அவையும் நன்றாகவே செய்யப்பட்டிருக்கின்றன.

போகும் வழி: கெய்ஹான் நாகானோஷிமா பாதையில் நானிவாபாஷி நிலையம், 1ஆம் வெளிவாயில். ஏறி வந்தால் பக்கத்திலேயே. யோதோயாபாஷி, கிதாஹாமா நிலையங்களிலிருந்தும் நடந்துவிடலாம். 1918இல் கட்டிய செங்கல் நிறப் பொது மண்டபம் கண்ணில் பட்டால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். திங்கட்கிழமை விடுமுறை. புதன் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை முழுவதுமாக மூடிவிடுவார்கள், அதற்குக் கிழமைக் கணக்கு கிடையாது. அவர்கள் நாட்காட்டியில் உங்கள் தேதியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சீரமைப்புக்காக 2022 பிப்ரவரியிலிருந்து மூடியிருந்து 2024 ஏப்ரலில் திறந்தார்கள், அதற்கு முந்தைய அறை வரைபடங்களை நம்ப வேண்டாம்.

கருங்கிண்ணம் பதில்:

சூளைவாசல் வெளிச்சம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் இரண்டு மணி நேரம் மட்டும் இருப்பவரை நான் முதலில் அனுப்புவது யுதேகி தென்மோகு என்ற கறுப்புத் தேநீர்க் கிண்ணத்திடம். காலையில் முதல் ஆளாகப் போனால் அதன் முன்னால் தனியாக நிற்கலாம். பகல் வெளிச்சம் பத்து, பத்தரைக்கு நன்றாக ஏறியபின் செலடான் அறைக்குப் போனால் போதும்.

யுதேகி என்றால் எண்ணெய்த் துளி. தெற்குச் சோங் காலம், 12-13ஆம் நூற்றாண்டு, சீனாவின் ஃபுஜியான் பகுதி ஜியான் சூளையில் சுட்டது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். வாய் விட்டம் 12.2 சென்டிமீட்டர்தான், இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும். படங்களில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இவ்வளவு சிறியதா என்று ஏமாந்து நகர்ந்துவிடுகிறார்கள். நகராதீர்கள். அதைத் தனிப் பேழையில் வைத்து நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.

முதல் சுற்று: நின்றபடி, மேலிருந்து உள்பக்கம். கறுப்பின் மேல் வெள்ளி, பொன், கருநீலம் என்று புள்ளிகள் அடர்ந்து கிடக்கும். ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்திக்கொண்டு மெதுவாக இடப்பக்கம் நகருங்கள். வெள்ளியாக இருந்தது நீலமாகும். நிறம் புள்ளியில் இல்லை, நீங்கள் நிற்கும் கோணத்தில் இருக்கிறது.

இரண்டாம் சுற்று: முட்டி மடக்கி உட்கார்ந்து, கிண்ணத்தின் வெளிப்பக்கம் கண் மட்டத்தில் வரும்படி. கிளேஸ் கீழே வழிந்து வந்து, அடி விளிம்புக்குச் சற்று மேலே கெட்டியான மடிப்பாக நின்றிருக்கும். அதற்குக் கீழே கருத்த களிமண் வெறுமையாகத் தெரியும். இந்தப் பொருளின் முழுக் கதையும் அந்த மடிப்பில்தான்.

எப்படி என்றால், ஜியான் கிளேஸில் இரும்பு மிக அதிகம், செலடானைப் போலப் பல மடங்கு. கிட்டத்தட்ட 1300 டிகிரி வரை ஏற்றும்போது இரும்பு ஆக்சைடு சிதைந்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அது குமிழாகி மேலே எழும்போது இரும்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் குமிழ் உடைந்த இடத்தில் இரும்பு தேங்கி, ஆறும்போது படிகமாகிறது. அதுதான் புள்ளி. இங்கே நெருப்பை நிறுத்தும் நேரம் முக்கியம். கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் வெறும் கறுப்பு. கொஞ்சம் தாமதித்தால் புள்ளிகள் உருகி வழிந்து கோடுகளாகிவிடும். அந்தக் கோட்டு வகைக்கு முயல் ரோமம் என்று பெயர், அதுவும் அழகுதான், ஆனால் வேறு பொருள். இன்னும் தாமதித்தால் கிளேஸ் அடிவரை ஓடி, தாங்கித் தட்டோடு ஒட்டிக்கொண்டு கிண்ணம் வீணாகும். அடியில் கிளேஸ் பூசாமல் விட்டது இந்த ஓட்டத்துக்கு இடம் கொடுக்கத்தான். மடிப்பு அடி விளிம்பைத் தொடாமல் நின்றிருப்பதைப் பார்க்கும்போது, உருகி ஓடிக்கொண்டிருந்த ஒன்று அந்த இடத்தில் உறைந்து நின்றது என்பது கண்ணுக்குத் தெரியும்.

கிண்ணம் ஏன் கறுப்பு என்றும் கேட்பார்கள். சோங் காலத்தில் தேயிலைப் பொடியை வெந்நீரில் அடித்து நுரைக்க வைத்துக் குடித்தார்கள். வெள்ளை நுரை எடுத்துக்காட்டக் கறுப்பு வேண்டும். அடி சிறியதாக இருப்பதால் இதைத் தாங்கியில் வைத்துத்தான் கொடுப்பார்கள். இது 16ஆம் நூற்றாண்டு ஜப்பானியப் பிரபு டொயோடோமி ஹிதேத்சுகுவிடம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. பிறகு நிஷி ஹொங்கான்ஜி கோயில், மித்சுயி குடும்பம், சகாய் குடும்பம் என்று கைமாறி வந்திருக்கிறது.

அங்கே இன்னொரு தேசியப் பொக்கிஷமும் உண்டு: தோபி சேய்ஜி, அதாவது பறக்கும் புள்ளிச் செலடான். யுவான் காலம், 14ஆம் நூற்றாண்டு, லுங்சுவான் சூளை, உயரம் 27.4 சென்டிமீட்டர். ஒல்லிக் கழுத்து, கீழே பருத்த வயிறு. பச்சைக்குள் இரும்புப் புள்ளிகள் தெறித்தது போல இருக்கும். ஆனால் தெறித்தவை அல்ல. இரும்புப் புள்ளிகளை வேண்டுமென்றே இட்டுச் சுட்டிருக்கிறார்கள், நெருப்பில் ஓரங்கள் கரைந்து கசிந்திருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் ஓரத்தையும் பாருங்கள், நடுவில் அடர் பழுப்பு, வெளியே போகப் போகப் பச்சையில் கரையும்.

ஒரு முக்கியமான விஷயம்: எந்தப் பொருளும் எப்போதும் வெளியே இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. வேறு ஊர்க் கண்காட்சிக்குக் கடன் போயிருக்கலாம். காட்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பட்டியலில் கோகுஹோ என்றால் தேசியப் பொக்கிஷம், ஜூயோ புங்காஸாய் என்றால் முக்கியப் பண்பாட்டுச் சொத்து.

தாழி பதில்:

மேலே இருவரும் சீனத்தைப் பற்றியே பேசிவிட்டார்கள். அந்த அருங்காட்சியகத்தின் உயிர் கொரியப் பொருள்களில் இருக்குங்க. தொகுப்பின் அடித்தளம் அதாகா தொகுப்பு, 965 பொருள்கள். அதில் பெரும்பகுதி கொரியா. அதாகா வணிக நிறுவனத்தின் தலைவராக இருந்த அதாகா எய்ச்சி தேடித் தேடிச் சேர்த்தவை. அந்த நிறுவனம் நொடித்து 1977இல் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டபோது தொகுப்பு சிதறிப்போகும் நிலை வந்தது. சுமிதோமோ குழுமத்தின் 21 நிறுவனங்கள் சேர்ந்து அதை முழுதாக ஒசாகா நகருக்குக் கொடுத்தன, அதற்காகவே கட்டிய இந்த அருங்காட்சியகம் 1982 நவம்பரில் திறந்தது. 1999இல் ரீ பியோங்-சாங் தொகுப்பு வந்து சேர்ந்தது, அதில் கொரியப் பொருள்கள் மட்டும் 301. இவ்வளவு கொரியப் பீங்கானை ஒரே கூரையின் கீழ் கொரியாவுக்கு வெளியே பார்ப்பது அரிது.

கொரியப் பகுதிக்குக் குறைந்தது ஐம்பது நிமிடம் ஒதுக்குங்க. மூன்று காலம், மூன்று மனநிலை.

முதலில் கோரியோ அரச காலத்துச் செலடான், முக்கியமா 12ஆம் நூற்றாண்டு. 1123இல் சோங் அரசின் தூதுக்குழுவோடு கொரியா போன ஷூ ஜிங், அங்கத்திய மக்கள் இந்தப் பச்சையை மீன்கொத்தி நிறம் என்ற பொருளில் சொல்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். லுங்சுவான் செலடானுக்குப் பக்கத்தில் நினைவில் வைத்துப் பாருங்க: சீனத்துக் கிளேஸ் தடித்து, பால் கலந்தது போல மங்கி நிற்கும். கொரியக் கிளேஸ் மெல்லியது, தெளிந்தது, கீழே இருக்கும் சாம்பல் களிமண்ணை மறைக்காது. அதனால்தான் கொரியர்களால் கிளேஸுக்கு அடியில் வேலைப்பாடு செய்ய முடிந்தது.

அந்த வேலைப்பாட்டுக்குச் சாங்கம் என்று பெயர், பதித்தல். வனைந்த பாத்திரம் தோல் போலக் கெட்டியாகும் பதத்தில், இன்னும் ஈரம் இருக்கும்போதே, கொக்கையும் மேகத்தையும் கத்தியால் குடைவார்கள். குடைந்த பள்ளத்தில் வெண்களிமண் குழம்பையும், இரும்பு மிகுந்த செம்மண் குழம்பையும் நிரப்புவார்கள். காய்ந்ததும் மேல்பரப்பைச் சுரண்டினால் பள்ளத்தில் மட்டும் மண் நிற்கும். முதலில் ஒருமுறை குறைந்த சூட்டில் சுட்டு, கிளேஸ் தோய்த்து, மறுபடி உயர் சூட்டில் சுடுவார்கள். வெண்மண் வெள்ளையாகவே வரும், செம்மண் கறுப்பாகிவிடும். கெடுவது எங்கேன்னா, பதித்த மண்ணும் பாத்திரத்து மண்ணும் ஒரே அளவில் சுருங்கணும். பதித்தது அதிகம் சுருங்கினால் ஓரத்தில் முடி போலக் கீறல் விழும், சில இடங்களில் உதிர்ந்தே போகும். கொக்கின் காலை நன்றாகக் கவனியுங்க. அவ்வளவு மெல்லிய கறுப்புக் கோடு உதிராமல் நிற்கிறதென்றால் மண் கலந்தவருடைய கை எப்படிப்பட்டது என்று புரியும்.

அடியைக் காட்டும்படி கண்ணாடியோ புகைப்படமோ வைத்திருந்தால் விடாதீங்க. நல்ல கோரியோ செலடானின் அடியில் மூன்று சிறிய வெள்ளைத் தழும்புகள் இருக்கும். அடிவரை கிளேஸ் பூசியதால் நேராகத் தட்டில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் மூன்று வெள்ளைக் கல் துண்டுகளின் மேல் நிறுத்திச் சுட்டார்கள். சீன ரூ செலடானில் அதே வேலைக்கு எள் அளவே உள்ள தழும்புகள் இருக்கும். ரூ பொருள் உலகத்திலேயே நூற்றுக்கும் குறைவாகத்தான் எஞ்சியிருக்கிறது, அந்த அருங்காட்சியகத்திடம் நார்சிசஸ் பூச்செடி வைக்கும் நீள்வட்டத் தொட்டி ஒன்று உண்டு. காட்சியில் இருந்தால் பத்து நிமிடம் அதற்கே கொடுத்துவிடுங்க.

அடுத்தது புன்சோங், 15-16ஆம் நூற்றாண்டு. என் பார்வையில் இங்கே அதிகம் தவறவிடப்படுவது இதுதான். சாம்பல் மண் பாத்திரத்துக்கு வெண்மண் குழம்பை அடித்து, அச்சுக் குத்தி, அல்லது முரட்டுத் தூரிகையால் ஒரே வீச்சில் இழுத்து, அல்லது பாத்திரத்தையே குழம்பில் முக்கி எடுத்திருப்பார்கள். முக்கி எடுத்தவற்றில் விரல் பிடித்த இடம் வெறுமையாக நிற்கும். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய விரல். கோணலையும் வழிந்த சொட்டையும் யாரும் திருத்தவில்லை. செலடானில் இருந்து நேராக இங்கே வந்தால் அலங்கோலமாகத் தோன்றும், ஒரு நிமிடம் நின்றால் தோன்றாது.

பிறகு, கோரியோவுக்கு அடுத்து வந்த ஜோசோன் அரச காலத்து வெண்பீங்கான். வெள்ளை என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது: பால் வெள்ளை, நீலம் தொட்ட வெள்ளை, சாம்பல் வெள்ளை. பக்கத்துப் பக்கத்து ஜாடிகளை ஒப்பிட்டால்தான் தெரியும்.

நதிக்கரை மறுபடி கேட்டது:

மிக்க நன்றி. இதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். இரண்டு சந்தேகம். செலடானில் வலைபோல் ஓடும் கோடுகள் உடைந்ததால் வந்தவையா, வேண்டுமென்றே செய்தவையா? அப்புறம், உடைத்து மறுபடி ஒட்டிய நிலா ஜாடி ஒன்று அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா? கிண்ணத்தின் வாயில் தங்கப் பட்டி இருக்கிறதே, அதுவும் உடைப்பை மறைக்கத்தானா?

சூளைவாசல் பதில்:

வலைக்கோடு விரிசல் அல்ல, கிளேஸின் சுருக்கம். சூளை ஆறும்போது பாத்திரத்து மண்ணைவிடக் கிளேஸ் அதிகமாகச் சுருங்கினால் அது தன்னையே இழுத்துக்கொண்டு கீறிக்கொள்ளும். மண் முழுசாக இருக்கும், மேலே கண்ணாடித் தோல் மட்டும் பிளந்திருக்கும். முதலில் இது கோளாறுதான், பிறகு அழகென்று கண்டு வேண்டுமென்றே வரவழைத்தார்கள். உண்மையான விரிசலை அடையாளம் காண்பது எளிது. வலைக்கோடு எல்லாப் பக்கமும் பரவி, ஒன்றையொன்று சந்தித்து முடியும். விரிசல் பெரும்பாலும் வாய் விளிம்பிலிருந்து தொடங்கித் தனியாக இறங்கும், உள்பக்கத்திலும் அதே இடத்தில் தெரியும். விளிம்பில் ஒரு கோடு, அதன் நேர் உள்ளே ஒரு கோடு என்றால் அது விரிசல்.

கிண்ணத்தின் வாய்ப்பட்டி பற்றி: உடைப்பு என்று உடனே நினைக்க வேண்டாம். ஜியான் கிண்ணத்தில் உருகிய கிளேஸ் கீழே இறங்குவதால் விளிம்பில் மெல்லிதாகி, சொரசொரப்பாக நிற்கும். உதட்டில் படும் இடம் அது. உலோகப் பட்டி அதை மூடுகிறது, கிண்ணத்துக்குக் கௌரவமும் சேர்க்கிறது. வட சீனத்து திங் வெண்பாத்திரங்களில் காரணம் இன்னும் நேரடியானது: கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள், ஒட்டாமல் இருக்க விளிம்பில் கிளேஸ் பூசவில்லை, வெறும் மண்ணை மூடப் பட்டி போட்டார்கள்.

தாழி பதில்:

நிலா ஜாடி உண்மைதாங்க. எழுத்தாளர் ஷிகா நவோயா நாரா தோதாய்ஜி கோயிலின் துறவி ஒருவருக்குக் கொடுத்த ஜோசோன் வெண் ஜாடி. 1995இல் கோயில் வளாகத்தில் திருட வந்தவன் துரத்தப்பட்டபோது அதைத் தரையில் அடித்து நொறுக்கிவிட்டு ஓடினான். முன்னூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் போனது. கூட்டி எடுத்த தூள் வரை பத்திரமாகக் கொண்டுவந்து இந்த அருங்காட்சியகத்திடம் கொடுத்தார்கள், பல மாத வேலைக்குப் பிறகு மறுபடி முழு ஜாடியானது.

அதன் முன்னால் நின்றால் ஒட்டுக் கோடுகளைத் தேடுவதோடு நிறுத்திவிடாதீங்க. வயிற்றின் நடுவில் ஒரு கிடைமட்டப் புடைப்பு இருக்கும், அது 1995இன் தழும்பு இல்லை, பிறவித் தழும்பு. நிலா ஜாடி 40 சென்டிமீட்டருக்கு மேல் உயரம். அந்த அளவுக்கு உருண்டையை ஒரே இழுப்பில் சக்கரத்தில் ஏற்றினால் ஈர மண் தன் பாரத்தில் உட்கார்ந்துவிடும். அதனால் இரண்டு பெரிய கிண்ணங்களைத் தனித்தனியாக வனைந்து, கொஞ்சம் கெட்டியானதும் ஒன்றின் வாயில் மற்றொன்றைக் கவிழ்த்து ஒட்டுவார்கள். சூளையில் மேல் பாதி லேசாக அமுங்கும், ஒட்டின் இடம் பிதுங்கும், ஒரு பக்கம் சாயும். சுற்றி நடந்தால் ஒவ்வொரு பக்கமும் வேறு உருவம் தெரியும். முழு வட்டம் எந்தப் பக்கத்திலும் கிடையாது. எனக்கு இந்தக் கட்டடத்திலேயே மிகவும் பிடித்த பொருள் வகை இதுதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக்கப்பால் பதில்:

படம் எடுப்பது பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

எதை எடுக்கலாம் என்று அறியப் பேழையில் ஒட்டியிருக்கும் குறியைப் பாருங்கள். கடன் வாங்கி வைத்திருக்கும் பொருள்களில் தடைக் குறி இருக்கலாம். பிளாஷ், முக்காலி, செல்ஃபிக் கோல் மூன்றையும் மறந்துவிடுங்கள். பிளாஷ் தானாக எரியாதபடி உள்ளே நுழையும் முன்பே அணைத்துவிடுங்கள். டார்ச் அடித்துப் பார்ப்பதும் கூடாது.

போன் கேமரா இங்கே மூன்று இடத்தில் ஏமாற்றும். கறுப்புக் கிண்ணத்தைப் பார்த்ததும் இருட்டு என்று நினைத்துத் தானாக வெளிச்சத்தைக் கூட்டும், கறுப்பு சாம்பலாகி எண்ணெய்த் துளிகள் வெள்ளைப் பொட்டுகளாகிவிடும். கிண்ணத்தைத் தொட்டுக் குவியத்தைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தை ஒரு படி கீழே இழுங்கள். வெண் ஜாடியில் நேர் எதிர்: தானாகக் குறைத்துவிடும், வெள்ளை அழுக்குச் சாம்பலாகும், அங்கே அரைப் படி கூட்டுங்கள். செலடானில் வண்ணச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால், பச்சை மிகுந்திருப்பதாக எண்ணி அதைக் கழித்துவிடும். பகல் வெளிச்சம் என்று கையால் அமைத்துவிட்டால் ஓரளவு நிஜத்துக்கு அருகில் வரும்.

கண்ணாடியில் உங்கள் வெளிச்சமான சட்டைதான் முதலில் தெரியும். அடர் நிற உடை உடுத்திப் போங்கள், போனைக் கண்ணாடிக்கு அருகில், சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள், முட்டாதீர்கள். ஒரு பொருளுக்கு இரண்டு படம்: முழு உருவம் ஒன்று, அடிப்பக்கத்தில் கிளேஸ் நிற்கும் இடம் ஒன்று. முன்பக்கம் எல்லாப் புத்தகத்திலும் கிடைக்கும், அடிப்பக்கம் கிடைக்காது.

போனைவிட நல்ல முதலீடு ஒற்றைக்கண் தொலைநோக்கி. ஜப்பானிய அருங்காட்சியகங்களில் பலர் கையில் பார்க்கலாம். 4 அல்லது 6 மடங்கு போதும். வாங்கும்போது உருப்பெருக்கத்தைவிட, எவ்வளவு அருகில் குவியும் என்பதைப் பாருங்கள். பேழைக்குள் பொருள் உங்களிடமிருந்து அரை மீட்டரில் இருக்கும், இரண்டு மீட்டருக்கு அப்பால்தான் குவியும் என்றால் பயன் இல்லை. 6 மடங்கில் பார்த்தால் கிளேஸுக்குள் இருக்கும் பெரிய குமிழ்கள் தனித்தனியாகவே தெரியும்.

குறிப்பு எழுத பென்சில் எடுத்துப் போங்கள். காட்சி அறைகளில் பேனாவை அனுமதிப்பதில்லை, மை தெறித்தால் போகாது என்பதால். முதுகுப் பையைப் பூட்டறையில் வையுங்கள், திரும்பும்போது பேழையில் இடிப்பது எப்போதும் முதுகுப் பைதான். சில பொருள்களைச் சுற்றி மெல்லிய நைலான் இழை தெரிந்தால் அது பழுது பார்த்த அடையாளம் அல்ல, நிலநடுக்கத்தில் சாயாமல் பிடிக்கும் கட்டு.

கருங்கிண்ணம் பதில்:

நேரக் கணக்கை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 9:30க்கு உள்ளே, நேராக எண்ணெய்த் துளிக் கிண்ணம், இருபது நிமிடம். பத்து மணிக்குச் செலடான் அறை, அரை மணி. பிறகு தாழி சொன்னபடி கொரியப் பகுதி. மீதி நேரத்தில் சீனப் பகுதியில் இரண்டே பொருள். ஒன்று தாங் காலத்துப் பெண் உருவம், கிளேஸ் இல்லாமல் சுட்டபின் வண்ணம் தீட்டியது. கைகளின் நிலையைப் பாருங்கள், எதையோ தாங்கியிருந்த கை, தாங்கிய பொருள் இப்போது இல்லை. இன்னொன்று யுவான் காலத்து நீல-வெள்ளை மீன் ஜாடி, நீர்த்தாவரங்களுக்கு நடுவே மீன்கள் நீந்தும். உங்களுக்குத் தெரிந்த மிங் நீலத்துக்கு முந்தைய தலைமுறை அது. நீலம் அடர்ந்து கறுத்துப்போன இடங்களைத் தேடுங்கள், கோபால்ட் தூரிகையில் அதிகமாகத் தேங்கி, கிளேஸையும் துளைத்து மேலே வந்த இடங்கள் அவை.

வெளியே வருவதற்கு முன் ஐந்து நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு செலடான் அறைக்கு மறுபடி ஒருமுறை போங்கள். பத்து மணிக்குப் பார்த்த அதே ஜாடி, பதினொன்றரை வெளிச்சத்தில் வேறு பச்சையில் இருக்கும்.

நதிக்கரை:

புதன்கிழமை 9:30க்கு வாசலில் நிற்பேன். அடர் நீலச் சட்டை, பென்சில், தொலைநோக்கி மூன்றும் பையில் எடுத்து வைத்தாயிற்று. தொலைநோக்கி 30 சென்டிமீட்டரிலேயே குவிகிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன்.